புதன்கிழமைச் செலவு

ஜூன் 12, புதன்

மிதுனாவின் கார்டு இன்று கூரியரில் வந்தது. ஊதா நிறம், மூலையில் ஒரு பூனை முகம். பூனை அவள் விருப்பம். மற்றதெல்லாம் என் ஏற்பாடு.

பார்க்க ஏடிஎம் கார்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் நாம் முன்கூட்டி எவ்வளவு போட்டு வைக்கிறோமோ அவ்வளவுதான் செலவழிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் முந்நூறு ரூபாய் போடுவேன், முதல் முந்நூறை இன்றே போட்டுவிட்டேன். மினி பஸ், தின்பண்டம், நோட்டு, பேனா எல்லாம் அதற்குள். மிச்சம் பிடித்தால் அது அவள் பணம். என் பழைய போனில் அதற்கான ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கார்டில் பணம் ஏறினாலும் இறங்கினாலும் அவள் போனுக்கும் என் போனுக்கும் செய்தி வந்துவிடும். பிள்ளை தாறுமாறாகச் செலவழித்தால் பெற்றோர் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள என் ஆப்பில் ஒரு பொத்தானும் உண்டு. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. இந்தப் பரிசோதனையை இதில் எழுதி வைக்கப் போகிறேன். கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். என் பெண்ணுக்குக் காசின் அருமை தெரியாமல் போனால் ஊர் சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வரும்போது இதைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்றும் இருக்கிறேன்.

சாப்பிடும்போது விளக்கினேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் கண்ணு" என்றேன். மிதுனா பூனையைத் தடவிக்கொண்டே "சரீங்ப்பா" என்றாள். தோசை ஊற்றிக்கொண்டிருந்த கோகிலா, "உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்" என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். மே மாதத்திலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதைவிடத் தோசைக்கல்லோடும் தையல் மெஷினோடும் பேசுவதுதான் அதிகம்.

ஜூன் 13, வியாழன்

முதல் செலவு: பள்ளிக்கூட வாசலில் கரம், முப்பது ரூபாய். பொரியில் சட்னியைக் கொட்டிக் கலக்கித் தருவதற்கு முப்பது ரூபாய். சரி, முதல் நாள், விட்டுவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஆன்லைனில் சீட்டாடி வீட்டைத் தொலைத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்தால் எனக்குப் பரிதாபம் வருவதில்லை, எரிச்சல்தான் வரும். நான் செய்வது வேறு. பங்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று கணித்து ஒரு தொகை கட்டுவது. கணிப்பு பலித்தால் ஒன்றுக்கு ஐந்து, சமயத்தில் பத்து. பலிக்காவிட்டால் கட்டியது மட்டும் போகும். வாராவாரம் வியாழன் மதியம் மூன்றரைக்குக் கணக்கு முடிந்துவிடும். இதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும். மே மாதத்தில் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும்.

இன்று கட்ட வேண்டிய தொகைக்கு இருநூறு ரூபாய் குறைந்தது. ஆபீஸில் யாரிடமும் கேட்கப் பிடிக்கவில்லை. மிதுனாவின் கார்டில் இருந்ததை எடுத்தேன். வெறும் கைமாற்று. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் போட்டுவிடலாம்.

சந்தை இன்று நம் பக்கம் இல்லை.

ஜூன் 27, வியாழன்

ஞாயிறு அன்று முந்நூறுதான் போட முடிந்தது. கைமாற்று அடுத்த வாரம். இன்று இன்னொரு நூற்றைம்பது.

மினி பஸ்ஸுக்குக் காசில்லாமல் மிதுனா பள்ளிக்கூடத்திலிருந்து வெங்கமேட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாளாம். கோகிலா சொன்னாள். அவசரத்துக்குக் கையில் இருபது ரூபாய் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பாடத்தில் சேர்க்க வேண்டும்.

ஜூலை 3, புதன்

எனக்குப் பெரிய ஏமாற்றம். மிதுனா செலவாளியாகிக்கொண்டிருக்கிறாள். போட்ட முந்நூறும் இன்று சாயங்காலத்துக்குள் காலி. ஆறு நோட்டு, இரண்டு பேனா, மினி பஸ் கண்டக்டரிடம் வாரம் முழுக்கச் சேர்த்து முன்பணம். மீதிக்கு ஒரு பாக்கெட் துவரம்பருப்பு! பருப்பு வாங்கச் சொல்லி இவளை யார் கேட்டார்கள்?

"எதுக்கு ஆறு நோட்டு? பள்ளிக்கூடம் தெறந்து இன்னும் ஒரு மாசம் ஆகல."

"வாங்கி வெச்சுட்டா இருக்குமுங்ப்பா."

"கார்டுல வெச்சாலும் இருக்குமே கண்ணு. அதுக்குத்தான கார்டு?"

அவள் அடுத்த நோட்டை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து நோட்டுகளுக்குக் காக்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் இவ்வளவு அழுத்தம் ஆகாது. பருப்பைக் கோகிலா மட்டும் எடுத்து டப்பாவில் கொட்டிக்கொண்டாள்.

ஜூலை 10, புதன்

இந்த வாரமும் புதன்கிழமையே துடைத்தாகிவிட்டது. புதன் வந்தால் போதும், இந்தப் பெண்ணுக்குக் கை அரிக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

மே மாதக் கடைசியில் பெரியவளான மிதுனாவுக்கு ஆடி பிறப்பதற்குள் சீர் செய்துவிட வேண்டும் என்று கோகிலா வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். சின்ன மண்டபம், நூற்றைம்பது பேர். பந்தல்காரனுக்குப் பாதி, சமையல்காரனுக்குப் பாதி கொடுத்திருக்கிறேன். மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

கோகிலா கவரிங் வளையலோடு நின்றாள். ஏன் என்று அவள் சொந்தக்காரர் ஒருவர் கேட்டதற்கு, நகையெல்லாம் பேங்க் லாக்கரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை லீவு என்றாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள். அடகுக் கடையும் ஒருவகையில் லாக்கர்தான்.

தாய்மாமன் பூபதி தட்டு வரிசையோடு வந்து இறங்கினார். கோகிலாவின் அண்ணன். போர்வெல் லாரி வைத்திருக்கிறார். படிப்பு ஐந்தாவது, மஞ்சள் பையில் பணத்தோடு அலைகிற ஆள். பட்டுப் பாவாடை, மாலை எல்லாம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ளே, பாப்பாவுக்கு ஒன்னரைப் பவுன்ல ஜிமிக்கி போடோணும்னு ஆசை. இப்பத் தங்கம் தலைக்கு மேல நிக்குது. எறங்குமுன்னு சொல்றாங்க. எம்பதாயிரம் தாரேன், எறங்கினதும் எடுத்துப் போடுங்க."

நான் கையை நீட்டுவதற்குள் கோகிலா குறுக்கே வந்தாள். "அண்ணா, இவுங்க கணக்குல போட வேண்டாமுங்க. புள்ள கார்டுல கெடக்கட்டும். அவ ஒரு ரூவா தொடமாட்டா."

பூபதி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். "நல்ல யோசனைதானுங்க" என்றும் சொன்னேன். சபையில் வேறென்ன செய்வது? போனில் பணம் அனுப்ப அவருக்குத் தெரியாது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மிதுனாதான் மாமன் போனை வாங்கித் தன் கார்டுக்கு எண்பதாயிரத்தை அனுப்பிக்கொண்டாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அனுப்பி முடித்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். எனக்குக் கண் கலங்கியது.

என் சம்பளத்தில் கட்டிக் காப்பாற்றுகிற குடும்பம், என் கணக்கில் பணம் போடப் பயப்படுகிறது.

ஜூலை 18, வியாழன்

கையில் பணமில்லாமல் வேடிக்கை பார்த்தேன். நான் கணித்தபடியே சந்தை போனது. பத்தாயிரம் கட்டியிருந்தால் இன்று அறுபதாயிரம்.

ஜூலை 25, வியாழன்

இதைக் கணக்குக்காரனாக மட்டுமே யோசித்தேன். இந்தக் கார்டில் கிடக்கிற பணத்துக்கு வட்டி கிடையாது. எண்பதாயிரம் சும்மா தூங்குகிறது. தங்கம் இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கட்டும் என்று கோகிலாவிடம் நானே சொன்னேன். அதுவரை தூங்குகிற பணத்தை எழுப்பி ஒரு நடை நடக்கவிட்டால் பாப்பாவுக்குத்தான் லாபம். ஒன்றரைப் பவுன் இரண்டு பவுனாகும்.

பத்தாயிரம் எடுத்தேன். உடனே கட்டவில்லை. அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன். பொறுமை.

ஆகஸ்ட் 1, வியாழன்

பலித்துவிட்டது! பதினாறாயிரம் கையில். மூன்றரைக்கு ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு நாள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

பத்துக்குப் பதினொன்றாகக் கார்டில் திருப்பிப் போட்டேன். பிரியாணி வாங்கிப் போனேன். மிதுனாவிடம், "பாத்தியா கண்ணு, பணத்தச் சும்மா வெச்சா அப்படியே இருக்கும், வேல குடுத்தா வளரும்" என்றேன்.

"வளந்தது போதுமுங்ப்பா. இனி எடுக்க மாட்டீங்கதான?" என்று கேட்டாள்.

முதலீடு என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. சின்னப் பெண்தானே.

ஆகஸ்ட் 8, வியாழன்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மிதவை உடைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நானே மாற்றினேன். எண்பது ரூபாய்.

இருபதாயிரம் போய்விட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம், சந்தை விடுமுறை. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். மிதுனாவின் தட்டில் பன்னிரண்டு புது நோட்டு, சோப்பு, நாப்கின் பாக்கெட்டுகள், ஒரு லிட்டர் கடலெண்ணெய், நெற்றிப்பொட்டு அட்டைகள், கோகிலாவின் தைராய்டு மாத்திரை இரண்டு மாதத்துக்கு. எல்லாம் அந்த முந்நூறு ரூபாய்களில் வாங்கி அடுக்கியது. கடை வைக்கப் போகிறாளோ என்னவோ. எலி வளையில் சேர்க்கிற மாதிரி சேர்க்கிறாள். நான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்த சேமிப்பு இதல்ல.

ஆகஸ்ட் 29, வியாழன்

பதினைந்து. விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாப்பிட்டுக் கை கழுவும்போது, சமையலறையில் கோகிலா கேட்டது காதில் விழுந்தது.

"மாமன் குடுத்தது பத்திரமா இருக்குதா பாப்பா?"

"அப்படியே இருக்குதுங்ம்மா."

தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து செருப்பில்லாமல் தெருமுனை வரை நடந்தேன். அவள் அந்தச் செய்திகளையெல்லாம் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது. பிள்ளைகள் எங்கே அதையெல்லாம் பார்க்கிறார்கள். நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 12, வியாழன்

இருபது.

செப்டம்பர் 14, சனி

பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியை கேட்டுக்கொண்டபடி பேசினேன். "குழந்தைகளை நம்பிப் பணத்தைக் கையில் கொடுங்கள், ஆனால் கண்காணியுங்கள்" என்று ஆரம்பித்தேன். தேவை எது, ஆசை எது. பொறுமை என்றால் என்ன. உழைக்காமல் வருகிற பணம் எப்படித் தங்காது. நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். இரண்டு முறை கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து, உங்களைப் போல அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

அப்போது ஆசிரியை மிதுனாவைக் கூப்பிட்டு, "ஆப் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் காட்டும்மா, எவ்வளவு சேர்த்திருக்கேன்னு பார்க்கலாம்" என்றார்.

மிதுனா எழுந்து நின்று, "போன்ல சார்ஜ் இல்லீங் மிஸ்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சார்ஜ் நிறையவே இருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்திருப்பாள்.

அக்டோபர் 10, வியாழன்

மிதுனாவின் கார்டில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

தங்கம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. தீபாவளிக்குள் எடுத்தால்தான் ஆயிற்று என்று கோகிலா நாள் பார்த்துவிட்டாள். வரும் ஞாயிறு. மருந்துக்கடையில் ஜெலுசில் வாங்கிக் குடித்தேன்.

முந்நூறும் போடவில்லை. மிதுனா கேட்கவுமில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் தலைவலி என்றேன். "தைலம் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள் கோகிலா. தீபாவளிக் கூட்டம், அடுத்த வாரம் போகலாம் என்றேன். "கூட்டம் நம்மள என்ன பண்ணுது?" என்றாள். மூவரும் ஒரே ஸ்கூட்டரில் ஜவஹர் பஜாருக்குப் போனோம். நடுவில் மிதுனா. வண்டி ஓட்டிய என் முதுகில் அவள் நெற்றி பட்டுக்கொண்டே வந்தது.

கடையில் கோகிலா சின்னப் பெண்ணாக மாறிவிட்டாள். ஒவ்வொரு ஜிமிக்கியாக மிதுனாவின் காதில் வைத்துப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், கடைக்காரப் பெண்ணிடம் கண்ணாடி கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகத் திரும்பி, "ஏனுங்க, இது நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். நல்லாருக்குது என்றேன். மிதுனா மட்டும், "இது வேண்டாங்ம்மா", "இது பெருசா இருக்குதுங்ம்மா", "எனக்குப் புடிக்கலீங்ம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோகிலா விடவில்லை. கடைசியில் பச்சைக்கல் வைத்த ஒன்று முடிவாயிற்று. இருக்கிற பணத்துக்குப் பவுன் ஒன்றேகாலுக்குத்தான் வந்தது. எழுபத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

பில் போடுகிற இடத்தில் மிதுனா கார்டை நீட்டினாள். பையன் மெஷினில் செருகி அவள் பக்கம் திருப்பினான். இன்னும் ஒரு நிமிடத்தில் மெஷின் பணமில்லை என்று சொல்லும், கோகிலா திரும்பி என்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான், முடிந்தது.

"பாப்பா, நம்பர் தப்புங்க" என்றான் பையன்.

மிதுனா மறுபடி அழுத்தினாள். மறுபடி தப்பு. "பாத்து, இன்னொரு தடவ தப்பாப் போட்டா லாக் ஆயிரும்" என்றான். அவள் மூன்றாவது முறையும் அழுத்தினாள். கார்டு பூட்டிக்கொண்டது.

கோகிலா அத்தனை பேர் நடுவில் அவள் தலையில் குட்டினாள். "நாலு நம்பர நெனப்பு வெச்சுக்க முடியாதா? எருமை! எதுக்குடீ உனக்குக் கார்டு?" மிதுனா தலையைத் தடவிக்கொண்டு, "மறந்து போச்சுங்ம்மா" என்றாள். ஜிமிக்கியைப் பஞ்சில் வைத்துத் திருப்பி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினைந்தாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்தில் சொல்கிறவள் அவள். மூன்று முறையும் அவள் விரல் ஒன்றாம் எண்ணை மட்டுமே அழுத்தியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்றும் எழுதலாம், யார் கேட்கப் போகிறார்கள்.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது வெட்கம் அல்ல. நிம்மதி.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் மிதுனாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனேன். ரயில்வே கேட்டில் நின்றபோது பின்னாலிருந்து சொன்னாள்.

"புதுக் கார்டு வரப் பத்து நாள் ஆகுமாமுங்ப்பா. நான் போன் பண்ணிக் கேட்டேன்."

"சரி கண்ணு."

"அதுக்குள்ள போட்டுருவீங்களா?"

ரயில் வந்து கடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி வரைக்கும் எண்ணினேன்.

"போட்டுர்றேன்."

"முழுசாங்ப்பா?"

"முழுசா."

"சரீங்ப்பா" என்றாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கி, திரும்பிப் பார்த்து எப்போதும்போல் கையை ஆட்டிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை நான் எடுத்துவிடுவேன் என்று தெரிந்துதான் புதன்கிழமையே எல்லாவற்றையும் வாங்கி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. முந்நூறை அப்படிக் காப்பாற்றிக்கொண்டாள். எண்பதாயிரத்தை வைத்து என்ன செய்வதென்றுதான் பிள்ளைக்குத் தெரியவில்லை.

செலவாளி என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாம் போலிருந்தது. அடித்துவிட்டால் மட்டும் எழுதியது இல்லையென்று ஆகிவிடுமா?

அக்டோபர் 30, புதன்

போனஸ் நாற்பத்தாறாயிரம் வந்துவிட்டது. கோகிலாவிடம் அடுத்த வாரம்தான் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை இப்படியே கார்டில் போட்டால் பாதிதான் ஆகிறது. பாதிப் பணத்துக்குக் கோகிலாவிடம் என்ன விளக்கம் சொல்வது? பாதி போட்டாலும் அகப்பட்டுக்கொள்வேன், ஒன்றுமே போடாவிட்டாலும் அகப்பட்டுக்கொள்வேன். மேலும் மிதுனாவிடம் முழுசாகப் போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. எண்பது வேண்டும் என்றால் நாற்பத்தாறு இரட்டிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து மடங்கு கேட்கவில்லை, ஐந்து கேட்கவில்லை. இரட்டிப்புதான் கேட்கிறேன்.

இதுவே கடைசி. முருகன் மேல் ஆணை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மிதுனாவுக்கு அவள் அம்மா தைத்த சுடிதார். இரண்டு பெட்டி கம்பி மத்தாப்பு. பூபதி அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார்.

எல்லாம் போய்விட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. நான் போய்விட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. அதற்கும் தைரியம் வேண்டும், அது என்னிடம் இல்லை. காவிரிப் பாலம் வரை வண்டியில் போய்விட்டு, வரும்போது கீரை வாங்கி வந்தேன்.

நவம்பர் 6, புதன்

புதுக் கார்டு வந்துவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வரும்போது மிதுனா வாசலிலேயே நின்றிருந்தாள். உறையைக் கூடப் பிரிக்கவில்லை. கோகிலா உள்ளே தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூரியர்க்காரன் வந்ததை அவளும் பார்த்துவிட்டாளாம். நாளைக்குச் சஷ்டி, நல்ல நாள், போய் எடுத்து வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"போட்டீங்களாங்ப்பா?"

நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டேன். துடைக்க ஒன்றும் இல்லாத சீட்டைத் துடைத்தேன்.

அவள் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நான் ஏமாந்துட்டேன்னு சொல்லீர்றனுங்ப்பா. பேங்க்ல இருந்து பேசறோம்னாங்க, ஓடிபி கேட்டாங்க, நான் குடுத்துட்டேன்னு. எங்க கிளாஸ்ல ஒரு புள்ளையோட அம்மாவே அப்பிடித்தான் குடுத்துட்டாங்களாம். அம்மா ரெண்டு அடி அடிப்பாங்க. அவ்வளவுதானுங்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "எப்பப் பேசுனாங்கன்னு கேட்டா?"

"போன வாரம்னு சொல்லட்டுங்களா?"

"போன வாரம் கார்டு லாக் ஆயிருந்துது. அதுக்கு முன்னாடின்னு சொல்லு. ஆயுத பூஜை லீவுல."

"சரீங்ப்பா."

"போலீஸ்ல சொல்லலாம்னு அம்மா சொன்னா நீ பேசாத. பொட்டப் புள்ள பேரு வெளிய வரக்கூடாதுன்னு நான் சொல்லிக்கறேன். அப்புறம், உன்ற போன்ல அந்த மெசேஜெல்லாம் அழிச்சுரு."

"அப்பவே அழிச்சுட்டனுங்ப்பா. எடுக்கறப்ப எடுக்கறப்பவே."

உள்ளே மெஷின் நின்றது. இருவரும் பேச்சை நிறுத்தினோம். மறுபடி ஓட ஆரம்பித்ததும் மூச்சுவிட்டோம், இரண்டு பேரும் ஒரே சமயத்தில்.

நவம்பர் 7, வியாழன்

காலையில் கோகிலா குளித்து, பட்டுப்புடவை கட்டி, மிதுனாவுக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தாள். பாதிப் பின்னலில் மிதுனா சொன்னாள். ஒரு வார்த்தை பிசகாமல், நாங்கள் பேசி வைத்தபடியே சொன்னாள். அழுகையும் சரியான இடத்தில் வந்தது. அது பொய் அழுகை இல்லை.

கோகிலாவின் கை பின்னலிலேயே நின்றது. "எங்கண்ணன் குடுத்த பணமடீ" என்றாள். சத்தமே இல்லை குரலில். பிறகு பின்னலைப் பிடித்த கையை விடாமலே அடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு அடி என்று சொல்லியிருந்தாள் மிதுனா. இரண்டோடு நிற்கவில்லை. கன்னத்தில், தோளில், முதுகில். மிதுனா தடுக்கவில்லை, ஓடவில்லை, "இல்லீங்ம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோகிலா ஒரு தடவைகூட மிதுனாவைப் பார்க்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் திறந்தால் நிறுத்திவிடுவாள் என்பதும் தெரிந்தது.

நான் திறக்கவில்லை.